சந்தில் நுழையக் கற்ற கன்னியப்பன்

சேக்காட்டுக் கன்னியப்பன் மோட்டார் சைக்கிள் ஏறியது ஆசைப்பட்டு இல்லை. ஏர் ஓட்ட நிலம் இல்லாமல் போனதால் ஏறினான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது ஆவடிப் பக்கம் பட்டாளம் வந்து இறங்கியது. ஏரிக்குக் கீழே இருந்த நிலமெல்லாம் கம்பி வேலிக்குள் போயிற்று. கன்னியப்பன் நிலமும் போயிற்று. "யுத்தம் முடிஞ்சதும் குடுத்துருவாங்க" என்று மணியக்காரர் சொன்னார். அவர் அதை நம்பிச் சொன்னாரோ என்னவோ, கன்னியப்பன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வது? நாற்றுவிட்ட இடத்தில் தார் பீப்பாய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வான்.

அவனிடம் ஒரு ஜோடி மாடு இருந்தது. வெளுத்த நிறத்தில் மயிலை, சிவப்பில் செவலை. கன்றிலிருந்து அவன் கையால் வளர்ந்தவை. அவற்றை அவன் கயிற்றைப் பிடித்து இழுத்ததே கிடையாது. அறுப்பு முடிந்த கழனியில் அவிழ்த்து விட்டுவிடுவான். பொழுது சாய்ந்ததும் வரப்பில் நின்று நாக்கை மேலே ஒட்டி எடுத்து, 'ட்டொக், ட்டொக்' என்று ஒரு சத்தம் கொடுத்து, "ஏய் வாம்மா" என்பான். எங்கே இருந்தாலும் இரண்டும் தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கும். நேரே அவனிடம் வந்து மடியில் மூக்கை நுழைக்கும். மடியில் பிண்ணாக்கு இருக்கும்.

நிலமில்லாதவன் வீட்டில் மாடு நின்றால் தீனி ஏது? விற்கவும் மனம் வரவில்லை. அவன் மனைவி நாகம்மாளின் அண்ணன் எத்திராஜ் காட்டுப்பாக்கத்தில் பார வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டையும் அவனிடம் ஓட்டிக்கொண்டு போனான்.

"மச்சான், வித்துட்டதா நெனச்சிக்காத. நெலம் கைக்கு வர்ற வரிக்கும் நீ ஓட்டு. வந்திச்சின்னா நான் வந்து இட்டுகினு பூடுவேன்."

"உன் மாடு உனுக்குத்தான் மச்சான், எனுக்கு இன்னாத்துக்கு?" என்று எத்திராஜ் சிரித்தான். "ஆனா ஒண்ணு. என் ஊட்டு தவுடு ருசி அப்பிடி. தின்னுட்டு உன் மூஞ்சியவே பாக்காது, அப்பால என்னாண்ட வந்து அழுவாத."

எத்திராஜின் மனைவி வேம்புலியம்மாள் தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "மாட்ட உட்டுட்டுப் போவ இந்த அண்ணாத்தைக்கு மனசே இல்ல பாரு. நாகம்மாவ கட்டிக் குடுத்த அன்னிக்கி எங்க மாமியாருகூட இப்பிடி நின்னதில்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கன்னியப்பனும் சிரித்துவிட்டுத்தான் வந்தான்.

பிறகு பட்டாளத்து டிப்போவில் கூலி வேலைக்கு வரிசையில் போய் நின்றான். ஒரு ஹவில்தார் வந்து, பரங்கிமலை வரைக்கும் ரோடு தெரிந்தவன் யார் என்று கேட்டார். அந்த ரோட்டில் நெல் வண்டி ஓட்டிப் போனவனுக்கு வழி தெரியாதா? கையைத் தூக்கினான். தபால் பையை ஆவடியிலிருந்து பூந்தமல்லி, காட்டுப்பாக்கம், போரூர் வழியாகப் பரங்கிமலைக்குக் கொண்டுபோக வேண்டும். மோட்டார் சைக்கிள் கொடுப்பார்கள். மழைக்காலம் வருவதற்குள் நன்றாக ஓட்டப் பழகிவிட்டால் வேலை நிலைக்கும். பழகாவிட்டால் மூட்டை தூக்கும் கூட்டத்தில் தள்ளிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தை எந்த நாளில் ரயிலேற்றி அஸ்ஸாமுக்கு அனுப்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

அஸ்ஸாம் போனவனுக்கு நிலத்தைத் திருப்பித் தருவது யார்? வேலியைப் பிடுங்குகிற அன்று ஆள் ஊரில் நிற்க வேண்டும். கன்னியப்பனுக்கு இருந்த கணக்கு அவ்வளவுதான். நிலம் வரும்வரை ஊரில் இருக்க வேண்டும். அதற்கு இந்த வண்டி ஓட்ட வேண்டும்.

டிப்போ ஷெட்டில் ஆனந்தன் என்று ஒரு மெக்கானிக். பாடிப் பக்கத்து ஆள், கன்னியப்பன் வயதுதான். வாயைத் திறந்தால் நக்கல்தான். அவன்தான் வண்டியைக் காட்டிக்கொடுத்தான். காலி மைதானத்தில் ஓட்டுவது கன்னியப்பனுக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் கை, கால் வேலை. ஏர் பிடித்த உடம்புக்கு அது பெரிய பாரம் இல்லை. ரோட்டுக்கு வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது.

அப்போது பூந்தமல்லி ரோடு இருந்த இருப்பு அப்படி. ஒரு பக்கம் வரிசையாகக் கட்டை வண்டிகள். எதிரே வரிசையாகப் பட்டாள லாரிகள். நடுவில் ஜட்கா, சைக்கிள், கூடைக்காரிகள், எருமை. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸெல்லாம் கரிப் புகையில் ஓடிய காலம். பஸ்ஸின் முதுகில் அடுப்பு மாதிரி ஒரு உருளை இருக்கும். அது ஏற்றத்தில் முக்கும், இறக்கத்தில் இருமும்.

முதல் நாள் கன்னியப்பன் சென்னீர்க்குப்பத்தில் ஒரு கரி பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டான். முந்திப் போகச் சந்து இருந்தது. நுழையத் தைரியம் இல்லை. பூந்தமல்லி வரைக்கும் அதன் புகையைக் குடித்துக்கொண்டே போனான். பரங்கிமலையில் பையை வாங்கின குமாஸ்தா அவன் மூஞ்சியைப் பார்த்து, தபால் வந்ததா அடுப்புக்கரி வந்ததா என்று கேட்டான்.

"இன்னா மாமே, நடந்தே போய்ட்டு வந்தியா?" என்றான் ஆனந்தன், அவன் ஷெட்டுக்குத் திரும்பியதும்.

"சந்துல பூந்தா அந்தாண்ட லாரி வர்தே. இந்தாண்ட பஸ்ஸு. நடுப்புற நான் நசுங்கறதா?"

"பூர்றதுக்கு மின்னாடி வெளிய வர்ற வழி எங்க கீதுன்னு பார்யா. அது கண்ணுக்குத் தெரிஞ்சாதான் பூரணும். தெரியலையா, கால ஊனிகினு நில்லு. அப்பால, ஆள் மூஞ்சிய பாக்காத, பைதாவ பாரு. மூஞ்சி ஒரு பக்கம் திரும்பும், வண்டி ஒரு பக்கம் போவும். பைதா பொய் சொல்லாது. பக்கத்துல போறவனவிட கொஞ்சூண்டு வேகமா போ, போதும். பறந்தியோ, பூட்ட."

கன்னியப்பன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டான். ஆள் மூஞ்சியை விட்டுச் சக்கரத்தைப் பார்க்கப் பழகினான். பஸ்ஸை ஒட்டிப் போகப் பழகினான். நிற்கிற லாரிக்கும் நகர்கிற லாரிக்கும் நடுவே மெதுவாக ஊர்ந்து வரப் பழகினான். வெளியே வருகிற வழி தெரியாவிட்டால் காலை ஊன்றி நிற்கவும் பழகினான். ஆனால் மாட்டு வண்டி விஷயத்தில் மட்டும் ஆனந்தனுடைய பாடம் உதவவில்லை.

பூந்தமல்லி பஜாரில் ஒரு நாள் மிளகாய் வண்டி ஒன்றுக்குப் பின்னால் ஹாரன் அடித்தான். மாடு மிரண்டு குறுக்கே பாய்ந்தது. மூட்டை அவிழ்ந்து ரோடெல்லாம் மிளகாய். ஓரத்தில் கடை போட்டிருந்த ஒரு அம்மாள் எழுந்து வந்தாள். "கஸ்மாலம்! மாடுன்னா இன்னான்னு தெரியுமாடா உனுக்கு? ஒரு நாளாவது மாட்டுக்குத் தண்ணி காட்டியிருக்கியாடா?" என்று பிடித்துக்கொண்டாள்.

அந்தக் கேள்வி அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. யாரைப் பார்த்துக் கேட்கிறாள்? அன்று வழி நெடுக அதே நினைப்பு. மறுநாள் அதே பஜார், அதே மாதிரி ஒரு வண்டி முன்னால். ஹாரனைத் தொடவில்லை. நாக்கை மேலே ஒட்டி எடுத்து 'ட்டொக், ட்டொக்' என்றான். "ஏய், ஒத்தும்மா ஒத்து" என்று குரல் கொடுத்தான். மாடு காதைப் பின்னுக்கு மடித்தது. பிறகு அமைதியாக இடது ஓரம் ஒதுங்கியது. வண்டிக்காரன் கயிற்றை ஆட்டக்கூட இல்லை. கன்னியப்பன் பக்கத்தில் போனான். மாட்டின் கண்ணை ஒரு தரம் பார்த்தான். கடந்து போய்விட்டான்.

அதற்கப்புறம் அவனை யாராலும் பிடிக்க முடியவில்லை. மற்ற தபால்காரர்கள் ஹாரனை அடித்து, மாட்டை மிரட்டி, வண்டிக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டு நிற்பார்கள். இவன் குரல் கொடுத்தபடியே வரிசை வரிசையாக வண்டிகளைக் கடந்து போய்க்கொண்டிருப்பான். ரோட்டு ஓரத்துப் பெண்பிள்ளைகள், "மோட்டார்ல குந்திகினு மாடு ஓட்டறான் பாருடி" என்று சிரிப்பார்கள். இவனுக்கும் சிரிப்பு வரும். மழைக்காலத்துக்கு முன்னாலேயே வேலை நிலைத்தது. ஹவில்தார் முதுகில் தட்டினார். ஒரு துரை இவன் வண்டி ஓட்டுவதைப் பார்க்க வாசலுக்கே வந்து நின்றார். நாகம்மாள் அன்றைக்குக் கறி வாங்கிக் குழம்பு வைத்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். யுத்தம் முடிஞ்சிரும். அப்பால உங்கண்ணன் ஊட்டுக்குப் போயி இட்டுகினு வந்துரலாம்" என்றான் அவளிடம். எதை என்று அவள் கேட்கவில்லை.

ஆனந்தனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. பொறாமை என்று கன்னியப்பன் நினைத்தான்.

"மாமே, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத" என்றான் ஆனந்தன் ஒரு நாள், சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே. "நீ கொரல் குடுக்கறது மாட்டுக்கு. கயிறு வண்டிக்காரன் கைல கீது. ஒரு வண்டிக்கி ரெண்டு பேர் ஓட்டறதா அது? மாடு உன் பேச்ச கேக்குது, சர்தான். வண்டிக்காரன் அந்த நேரத்துல இன்னா செய்யறான்னு உனுக்குத் தெரியுமா?"

"மாட்டப்பத்தி எனுக்கு நீ சொல்றியா? ஷெட்டுல மாடு கீதாடா? இரும்புதான கீது."

"ஆமாம்பா. நான் இரும்பு. நீ மாடு" என்று சொல்லிவிட்டு ஆனந்தன் துணியை எடுத்துத் துடைக்கப் போய்விட்டான்.

தை பிறந்து அறுப்பு நடந்தது. பரங்கிமலைக் குதிரை லாயத்துக்கு வைக்கோல் கேட்டார்கள். அதுவரை சூளைப் பாதையிலேயே போய்வந்த அந்தப் பக்கத்து வண்டிகளெல்லாம் செங்கல்லையும் மணலையும் விட்டு, வைக்கோல் ஏற்றிப் பெரிய ரோட்டுக்கு வந்தன. வைக்கோல் வண்டி என்றால் பின்னால் வருகிறவனுக்கு ஒரு சுவர் போகிற மாதிரி இருக்கும். மாடும் தெரியாது, ஆளும் தெரியாது, பைதாவில் பாதிகூடத் தெரியாது.

அன்று காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பூந்தமல்லியைத் தாண்டிக் காட்டுப்பாக்கத்துக்குப் பக்கத்தில் அப்படி வைக்கோல் வண்டிகள் சில ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எதிரே பட்டாள லாரிகள் வரிசையாக வந்தன. வண்டிகளுக்கும் லாரிகளுக்கும் நடுவே சந்து இருந்தது. முன்னால் புளியமரத்தடியில் ரோடு அகலமாகிற இடம். வெளியே வருகிற வழியும் தெரிந்தது. ஆனந்தன் சொன்ன பாடப்படி அதில் ஒரு தப்பும் இல்லை.

கன்னியப்பன் நுழைந்தான். நாக்கைத் தட்டினான். குரல் கொடுத்தான். முதல் வண்டி ஓரம் ஒதுங்கியது. அடுத்ததும் ஒதுங்கியது. மூன்றாவது வண்டியின் வைக்கோல் சுவருக்குப் பின்னால் வந்து, "ஏய் ஒத்தும்மா, ஒத்து" என்றான்.

அந்த வண்டி ஒதுங்கவில்லை. ரோட்டுக்கு நடுவே, வலது பக்கமாக, அவனை நோக்கித் திரும்பியது.

லாரிகள் வருகிறதே என்று அந்த வண்டிக்காரன் ஏற்கெனவே இறங்கி, வலது மாட்டின் பக்கத்தில் கயிற்றைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தான். அக்கறையுள்ள வண்டிக்காரன் எவனும் அதைத்தான் செய்வான். மாடுகள் திரும்பியபோது அவனுக்கு விலக இடமில்லை. ஒரு பக்கம் மாடு. மறு பக்கம் லாரி. லாரிக்காரன் மெதுவாகத்தான் வந்தான், பிரேக்கும் போட்டான். அது போதவில்லை.

கன்னியப்பன் பிரேக்கை மிதித்து வண்டியோடு சரிந்தான். எழுந்து பார்த்தபோது மாட்டு வண்டியின் ஏர்க்கால் முறிந்து கிடந்தது. மயிலை முன்னங்கால் உடைந்து விழுந்து, எழுந்திருக்கப் பார்த்துப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. நுகத்திலிருந்து கழன்ற செவலை நேரே அவனிடம் வந்தது. காக்கிச் சட்டைக்குக் கீழே, மடி இருக்க வேண்டிய இடத்தில் மூக்கை நுழைத்தது.

அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஊரான் மாட்டுக்கு அவன் குரல் முன்பின் தெரியாதவன் குரல். ஒதுங்கிப் போகும். அவன் மாட்டுக்கு அது கூப்பிடுகிற குரல். 'வா' என்றாலும் 'ஒத்து' என்றாலும் அவற்றுக்கு ஒன்றுதான். நாக்குச் சத்தம் கேட்டால் எங்கே இருந்தாலும் திரும்பி அவனிடம் வரும். வந்தது.

எத்திராஜைத் தூக்கி வைக்கோலில் கிடத்தினார்கள். கண் திறந்திருந்தது. கன்னியப்பன் பக்கத்தில் மண்டியிட்டான். எத்திராஜ் அவனைப் பார்க்கவில்லை. மயிலை கிடந்த பக்கம் பார்த்தான். "இன்னாடா ஆச்சி ஒனுக்கு... ஒரு நாளும் திரும்பமாட்டியேடா" என்றான். திட்டுகிற குரல் இல்லை அது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தகப்பன் கேட்கிற குரல். பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. மயிலையைப் பட்டாளத்துக்காரர் ஒருவர் சுட்டு வலியை முடித்தார்.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து எல்லோரும் எத்திராஜ் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த வண்டிக்காரர்களில் துலுக்கானம் என்கிற பெரியவர் நடந்ததைச் சொன்னார்.

"மாடு தானா திரும்பிச்சி. எத்திராஜி கயித்த இழுக்கவேயில்ல, நான் பாத்தேன். சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும்னா பீச்சாங்கை மாடுதான் தள்ளணும். செவலைதான் தள்ளிச்சி."

அதற்குமேல் யாரும் பேச வேண்டியிருக்கவில்லை. ஓட்டுகிறவனைக் காவு வாங்கின மாட்டை மறுபடி நுகத்தில் பூட்டுவதில்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஏர்க்காரனும் வாங்கமாட்டான், வண்டிக்காரனும் வாங்கமாட்டான். கசாப்புக்காரன் வந்து ஓட்டிக்கொண்டு போவான், அவ்வளவுதான். வேம்புலியம்மாள் தலையை முட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாகம்மாள் அவள் தோளைப் பிடித்திருந்தாள்.

"இன்னாம்மா சொல்ற?" என்று துலுக்கானம் கேட்டார். "ஆள வரச் சொல்லட்டுமா?"

"ஓட்டிகினு போவட்டும்" என்றாள் வேம்புலியம்மாள். "அது கண்ணுல முழிக்க என்னால முடியாது."

செவலை வேப்ப மரத்தடியில் கட்டியிருந்தது. முன்னால் போட்ட வைக்கோல் அப்படியே கிடந்தது. கன்னியப்பன் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மாடு போகும். அவன்மேல் யாருக்கும் ஒரு வருத்தமும் இருக்காது. அவன் குரல் வண்டிக்காரர்கள் தினமும் கேட்கிற சத்தம், யாரும் அதை நினைக்கவில்லை. பின்னால் வந்தவன், விழுந்து அடிபட்டவன், மச்சானைத் தூக்கினவன் என்றுதான் ஊர் பேசிக்கொண்டிருந்தது. நாகம்மாள்கூட அவன் முழங்கைக் காயத்துக்கு மஞ்சள் வைத்துக் கட்டியிருந்தாள்.

"மாடு தப்பு பண்ல" என்றான்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் கொரல் குடுத்தேன். பின்னால வந்துகினு இருந்தேன். மச்சான் வண்டின்னு தெரில எனுக்கு, வைக்கல்ல மறைஞ்சிட்டுது. வழக்கமா குடுக்கற மாரி குடுத்தேன். நான் கூப்ட்டா வரும் அதுங்க. வந்திச்சி. அவ்ளோதான். அத அடிமாடாக்காதீங்க."

 துலுக்கானம் தலைத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நாகம்மாள் அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்து அவன் பார்த்ததில்லை. புரியாத பாஷை பேசுகிறவனைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

வேம்புலியம்மாள் எழுந்தாள். மரத்தடிக்குப் போனாள். செவலை முன்னால் கிடந்த வைக்கோலைக் கையால் உதறி மறுபடி போட்டாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"அப்ப மாடு இருக்கட்டும். இந்தாள இட்டுகினு போங்க."

"தங்கச்சி..." என்றான் கன்னியப்பன்.

"மாட்டாண்ட பேசாத அண்ணாத்தே. என்னாண்டயும் பேசாத. உன் கொரலு இந்த ஊட்டுல கேக்கவே கூடாது."

அவன் எழுந்து வந்துவிட்டான். நாகம்மாள் கூட வரவில்லை. அண்ணி தனியாக இருக்கிறாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். காரணம் அது இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

கன்னியப்பன் அதற்குப் பிறகும் வண்டி ஓட்டினான். ஆனால் மாட்டு வண்டி வந்தால் கடக்கமாட்டான். குரல் கொடுக்க வாய் வராது. ஹாரன் அடிக்கக் கை போகாது. சந்து இருந்தாலும், வெளியே வருகிற வழி பளிச்சென்று தெரிந்தாலும், பின்னாலேயே காலை ஊன்றி ஊன்றிப் போவான். தபால் பை வரவர நேரம் கழித்துப் போய்ச் சேர்ந்தது. ஹவில்தார் முதலில் கேட்டார், பிறகு திட்டினார். ஆனந்தன் என்ஜினில்தான் கோளாறு என்று பொய் சொல்லி அவனைக் காப்பாற்றிப் பார்த்தான்.

"மாமே, ஓரமா ஒரு தபா ஹாரன அடிச்சிட்டுப் பூடேன்" என்று கெஞ்சினான். நக்கலெல்லாம் போய்விட்டிருந்தது. "உன்னத் தூக்கிருவானுங்க. அஸ்ஸாமுக்கு ஏத்திருவானுங்க. அப்பால நெலத்த யார் வந்து வாங்குவா?"

"தெரியும்" என்றான் கன்னியப்பன்.

ஒரு நாள் போரூரிலிருந்து திரும்பும்போது முன்னால் ஒற்றை மாட்டு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. தவிட்டு மூட்டை ஏற்றியிருந்தது. ஓட்டுகிற இடத்தில் ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள். முதுகைப் பார்த்ததும் வேம்புலியம்மாள் என்று தெரிந்துவிட்டது. மாட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்த்தான். மெலிந்திருந்தது. நடையில் குறை இல்லை.

பையில் அவசரத் தபால் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எதிரே லாரி இல்லை. ரோடு காலி. யாராக இருந்தாலும் தாண்டிப் போய்விடுவார்கள். கன்னியப்பன் என்ஜினை நிறுத்தினான். என்ஜின் சத்தத்தில்கூடத் தன்னைச் செவலை தெரிந்துகொள்ளுமோ என்று அவனுக்குப் பயம். அப்படியெல்லாம் தெரியாது, அது அவனுக்கே தெரியும். இறங்கி, அந்தக் கனமான வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் நடந்தான். வெயில் காய்ந்தது. காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. எதிரே வந்த சைக்கிள்காரன் ஒருவன், "இன்னா அண்ணாத்தே, பெட்ரோல் பூட்ச்சா?" என்று கேட்டான். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினான்.

வேம்புலியம்மாள் ஒரு தரம் திரும்பினாள். அவனைப் பார்த்தாள். கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். காட்டுப்பாக்கத்தில் வண்டி தெருவுக்குள் திரும்பும்வரை தள்ளிக்கொண்டே வந்தான்.

அந்தத் தபால் எவ்வளவு அவசரமோ, அதோடு அவன் வேலை போயிற்று. மோட்டார் சைக்கிளை வேறு ஒருவனிடம் கொடுத்தார்கள். கன்னியப்பனை மூட்டைக் கூட்டத்தில் சேர்த்தார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கூட்டத்துக்கு ரயில் உத்தரவு வந்தது.

ஆவடி ஸ்டேஷனில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். ஆனந்தன் பீடிக் கட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசி" என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நேரத்தில் நாகம்மாள் வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். புளிச்சோற்று மூட்டையை அவன் பக்கத்தில் வைத்தாள். உட்காரவில்லை.

"யார் சொன்னா?" என்றான்.

"அண்ணிதான் போவச் சொல்லிச்சி." குனிந்து மூட்டை முடிச்சை இறுக்கினாள். "வண்டிய தள்ளிகினு வந்தியாமே. சொல்லிச்சி."

அவன் மூட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ரயில் நீராவி விட்டுக்கொண்டிருந்தது.

"தீனி எடுக்குதா?"

"எடுக்குது. மின்ன மாரி இல்ல. ஆனா எடுக்குது. அண்ணி வெறும் கயித்துலதான் ஓட்டுது. யாரும் கொரல் குடுக்கறதில்ல அத்தாண்ட." அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எடுத்துவிட்டுக் கேட்டாள். "யுத்தம் முடிஞ்சி நெலத்தக் குடுத்தா நான் இன்னா பண்ணட்டும்?"

"போயி வாங்கிக்கோ. வேலி எடுக்கற அன்னிக்கி நீ அங்க நில்லு."

"வாங்கி?"

"யாராண்டயாவது குத்தகைக்கு உடு." ஆட்களை எழுப்பி ஏறச் சொன்னார்கள். அவன் சோற்று மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான். "செவலைய கேக்காத. நெலம் வந்தாலும் கேக்காத. அது அங்கியே இருக்கட்டும்."

"கேக்கல" என்றாள் நாகம்மாள்.

அவன் ஏறிக்கொண்டான். பெட்டிக்குள் ஒரே நெரிசல். கதவோரத்தில் நின்றுகொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு அவனால் உள்ளே போக முடியவில்லை. விலகச் சொல்லி யாரையும் கேட்கவும் இல்லை. படிக்குப் பக்கத்திலேயே மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.